உள்ளங்கைச் சூடு

எங்கள் கூட்டத்துக்கு ஒரே வேலைதான். தினமும் காலை ஒன்பது மணிக்கு அவரவர் வீட்டுக் கொல்லையில் இருக்கும் மழைமானியைப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று இணையத்தில் எழுத வேண்டும். கூட்டத்தின் பெயரே ஒன்பது மணிக் கூட்டம். நாடு முழுக்க முந்நூற்று நாற்பது பேர். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

நான் இருக்கும் கோபார் வறண்ட சுரங்க ஊர், அங்கே மழை என்பது வருடத்துக்கு நாலைந்து தடவை தலையைக் காட்டிவிட்டுப் போகிற விருந்தாளி. நாற்பத்தோரு நாளாகப் பூஜ்யம், பூஜ்யம் என்றே எழுதிக்கொண்டிருந்தேன். ஆனாலும் கூட்டத்தைக் கட்டி மேய்த்தவன் நான்தான். சுரங்கத்தில் முப்பது வருடம் சர்வேயராக இருந்தவனுக்கு ஓர் எண் பிசகினாலும் சோறு இறங்காது. தப்பான எண்ணை யார் போட்டாலும் பத்து நிமிடத்தில் என் கடிதம் போய்விடும். அதனால் எனக்கு அங்கே ஹெட்மாஸ்டர் என்று பெயர். டெஸ் என்று என்னைக் கூப்பிட்டவர்கள் குறைவு.

அந்தப் பெயரை வைத்தவள் நோலீன். பெல்லம்புரூக்கில், ஆற்றை ஒட்டிய தெருவில், கட்டைக்கால் மேல் நிற்கும் மரவீட்டில் இருந்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், அறுபத்திரண்டு வயது, வாய் கொஞ்சம் நீளம். அவள் புருஷன் லின்டன் எலெக்ட்ரீஷியன். முன்பு ஒரு வெள்ளத்தில் மின்சாரம் போய் நாலு நாள் எண்கள் விட்டுப்போனபோது நான் அவளிடம் முணுமுணுத்தேன். உடனே அந்த மனுஷன் கூரை முகட்டில் தானாக அளக்கும் மழைமானி, சூரியத் தகடு, சிம் கார்டு எல்லாம் வைத்து ஒரு பெட்டியை அமைத்துவிட்டார். வராந்தாத் தூணில் கட்டைவிரல் அளவு ஒரு வெப்ப சென்சார். அது வயரில்லாமல் பெட்டிக்கு எண் அனுப்பும், பெட்டி பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எங்கள் இணையப் பக்கத்துக்கு அனுப்பும், அங்கே அது ஒரு கோடாக நீளும். "அடுத்த வெள்ளத்துல நாங்க முழுகினாலும் எங்க நம்பர் முழுகாதாம், லின்டன் சொல்றார்," என்று நோலீன் எழுதினாள். எல்லோரும் சிரித்தோம், பிறகு பலரும் தங்கள் வீட்டில் அதே மாதிரி சென்சார் வைத்துக்கொண்டோம்.

கைகுலுக்கல் என்ற கூத்தை ஆரம்பித்தவளும் அவள்தான். போன ஜூலையில், எங்கள் பக்கத்துக் குளிர்காலத்தில், அவள் வீட்டு வெப்பக் கோடு திடீரென்று முப்பத்துமூன்று டிகிரிக்கு ஏறி இறங்கியது. என்ன கோளாறு என்று கேட்டேன்.

"கோளாறு இல்ல ஹெட்மாஸ்டர். சென்சாரைக் கழட்டி உள்ளங்கையில மூடி வச்சுக்கிட்டேன். உனக்குக் கை குடுத்தேன். இவ்வளவு வருஷமா பழகுறோம், ஒரு தடவ கை குடுத்ததில்லையே."

ஒரே வாரத்தில் நாடே கைகுலுக்க ஆரம்பித்துவிட்டது. கோடெல்லாம் மேடு. ஒருத்தருக்குப் பிறந்தநாள் என்றால் ஐம்பது மேடு. அந்த நேரம் பார்த்து ஒரு பல்கலைக்கழகப் பெண் ஆராய்ச்சிக்கு எங்கள் எண்களைக் கேட்டு எழுதியிருந்தாள். எனக்கு மானம் போயிற்று. உட்கார்ந்து ஒரு கணினி நிரல் எழுதி, அதற்குக் காவல்காரன் என்று பெயர் வைத்தேன். ஒரு சென்சார் மூன்று முறை இப்படிக் குதித்தால் காவல்காரன் அன்றைய மேடுகளை எல்லாம் துடைத்துவிட்டு, அதன் வாயை அடைத்துவிடுவான். மறுநாள் ஒன்பது மணி வரை அந்தக் கோடு பழைய எண்ணிலேயே நேராகக் கிடக்கும். அசல் எண்கள் நான் மட்டும் திறக்கக்கூடிய ஒரு கோப்பில் சேரும்.

இதைக் கூட்டத்தில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் இரண்டோடு நிறுத்திக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். நோலீனுக்கு மட்டும் தனியாக ஒரு கடிதம் போட்டேன்: இது விளையாட்டு மைதானம் அல்ல. அவள், "போய்யா, கை குடுத்தா குத்தமா," என்று ஒரு வரி எழுதினாள். அதற்கப்புறம் ஏழு மாதம் எண்ணைத் தவிர எங்களுக்குள் ஒரு சொல் இல்லை.

பிப்ரவரி கடைசித் திங்கள்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து பக்கத்தைத் திறந்தேன். பெல்லம்புரூக்கில் முந்தைய நாள் ஒன்பது மணியிலிருந்து நானூற்றுப் பதினெட்டு மில்லிமீட்டர். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். நோலீனின் கடைசிச் செய்தி நாலு இருபதுக்கு வந்திருந்தது. "தண்ணி மேல் படிக்கு வந்துடுச்சு. லின்டன் டீ போடறார். இவருக்கு எப்பவும் டீதான்." அதற்குப் பின் ஒன்றுமில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், அவள் கைபேசி அடிக்கவே இல்லை.

ஆறே காலுக்கு மூன்று பேர் ஒரே அழைப்பில் சேர்ந்தோம். சிட்னி மவுண்ட் ட்ரூயிட்டில் கிடங்கு ஒன்றில் வண்டி ஓட்டும் செஃபா, சமோவாத் தீவுக்காரன். லான்செஸ்டனில் நர்ஸாக இருக்கும் பிப். ஆறு வருடமாக இருவரின் எழுத்தும் எனக்குத் தெரியும், குரல் தெரியாது. செஃபாவின் குரல் இவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"அவசர நம்பர்ல வரிசையில நிக்க வச்சிருக்காங்க," என்றாள் பிப். "நாப்பது நிமிஷமாச்சு. ஊரே கூப்பிட்டுட்டிருக்கும், அவங்கதான் என்ன செய்வாங்க. மேட்டுப் பள்ளிக்கூடத்துல தங்க வச்சிருக்கவங்க பட்டியல் கிடைச்சுது. அதுல அவங்க பேரு இல்ல. ஆனா பேரு எழுதாம இருநூறு பேரு உள்ள இருக்காங்களாம்."

"அவங்க வீட்டுக் கோடு என்ன சொல்லுது ஹெட்மாஸ்டர்?" என்றான் செஃபா.

பார்த்தேன். கூரையில் இருக்கும் மழைமானி எண் அனுப்பிக்கொண்டே இருந்தது. வெப்பக் கோடு மட்டும் இருபத்துமூன்று புள்ளி ஒன்றில் நேராகக் கிடந்தது. ஐந்து மணிக்கு இருந்த எண், ஆறரைக்கும் அதே எண்.

"வராந்தா முழுகிடுச்சு," என்றேன். "சென்சார் தண்ணிக்குள்ள செத்துப்போச்சு. அதான் ஒரே எண்ணுல நிக்குது."

எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. முப்பது வருட சர்வேயர் சொல்கிறான், மற்ற இருவரும் ஏற்றுக்கொண்டார்கள். நான் எழுதிய காவல்காரன் என் நினைவுக்கே வரவில்லை. வீட்டு நாய்க்குச் சோறு போட்டுக்கொண்டே அது கடிக்கும் என்பதை மறந்தவன் மாதிரி இருந்திருக்கிறேன்.

"பஸ் ஓட்டுறவ," என்றேன். "எந்த ரோடு எப்ப முழுகும்னு அவளுக்குத் தெரியாதா? முன்னாடியே கிளம்பியிருப்பா."

"டீ போடறார்னு எழுதினவங்க எங்க கிளம்பறாங்க," என்றாள் பிப்.

செஃபாவின் சித்தி மகன் அந்த ஊர் ரக்பி கிளப்பில் ஆடியவன். அவனைப் பிடித்து, அவன் மூலமாக இன்னொருத்தனைப் பிடித்து, கடைசியில் டாமோ என்ற ஒருவனின் எண் கிடைத்தது. அவன் மீன்பிடிக்கிற தகரப் படகை எடுத்துக்கொண்டு விடிவதற்கு முன்பே தெருவில் இறங்கியிருந்தான். செஃபா கெஞ்சினான். நானாக இருந்தால் கெஞ்சத் தெரிந்திருக்காது. ஏழரைக்கு டாமோ நோலீன் வீட்டுக்கு வந்தான். செஃபா தன் இரண்டாவது கைபேசியை முதலாவதன் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டான். மழைச் சத்தத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கத்தியது.

"தண்ணி கூரை விளிம்பு வரைக்கும் இருக்கு. தகரத்துல நல்லா அடிச்சுப் பாத்துட்டேன். மழை அடிக்கிற அடியில நான் தட்டறதே எனக்குக் கேக்கல. தகரத்துக்கு அடியில, பரண்ல ஆள் இருக்கா?"

"தெரியலயேப்பா," என்றான் செஃபா.

"இங்க பாருங்க. அடுத்த தெருவுல ரெண்டு கைக்குழந்தைங்களோட ஒரு குடும்பம் கூரை மேல உக்காந்திருக்கு. இந்தத் தகரத்தை அறுக்கணும்னா இருபது நிமிஷம் ஆகும். ஆள் இருக்குன்னு உறுதியா சொல்லுங்க, அறுக்கறேன். ஏதாவது அடையாளம் இருக்கா?"

 இருவரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

"இல்ல," என்றேன். "ஒரு அடையாளமும் இல்ல. கோடு நேரா இருக்கு. அவங்க வெளியேறியிருப்பாங்க."

"அப்ப நான் போறேன்," என்றான் டாமோ. படகு மோட்டார் சத்தம் பெரிதாகி, பிறகு தேய்ந்து போயிற்று.

அதற்குப் பின் ஒன்றரை மணி நேரம் நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டால் உருப்படியாக ஒன்றுமில்லை. பிப் பள்ளிக்கூடத்துக்கும் தேவாலயத்துக்கும் மாற்றி மாற்றிப் பேசினாள். பஸ் ஓட்டும் சிவப்புத் தலைமுடி அம்மா யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். போனை எடுத்தவர்களுக்கு எல்லாம் அழுகை, அவர்கள் வீட்டிலும் ஆளைக் காணோம். செஃபா வேலைக்கு வர மாட்டேன் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஜெபம் செய்தான். அவன் பாஷையில் செய்தான், எங்களுக்குப் புரியவில்லை, ஆனால் நோலீன், லின்டன் என்ற பெயர்கள் மட்டும் அடிக்கடி வந்தன. நான் அந்த நேர்க்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.  தேநீரைத் தட்டிக் கொட்டிவிட்டேன். அவளுக்கு நான் எழுதிய கடைசி வரி என் முன்னால் திறந்தே கிடந்தது.

ஒன்பது மணி ஆயிற்று. முந்நூற்று நாற்பது பேரும் விஷயம் தெரிந்தவர்கள்தான். ஆனாலும் பழக்கம் விடுமா? ஒவ்வொருத்தராக எழுதினார்கள். லான்செஸ்டன், பூஜ்யம் புள்ளி இரண்டு. மவுண்ட் ட்ரூயிட், அறுபத்தொன்று. நானும் கோபார், பூஜ்யம் என்று எழுதினேன். வேறு எப்படி அவளுக்காக நிற்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஒன்பது பத்துக்கு பிப் சொன்னாள். "டெஸ். நோலீன் வீட்டு வெப்பம் ஏன் முப்பத்தொண்ணு காட்டுது?"

திரையைப் பார்த்தேன். ஒன்பது மணிக்கு இருபத்துநாலு. ஒன்பது பத்துக்கு முப்பத்தொன்று. நேர்க்கோட்டின் முடிவில் ஒரு மேடு.  காவல்காரனின் தண்டனை ஒன்பது மணியோடு முடிந்துவிட்டது. புது நாள், புதுக் கணக்கு. அவன் வாயைத் திறந்துவிட்ட உடனே அவள் பேசிவிட்டாள்.

"அவ கைகுலுக்கறா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னது?"

"சென்சார் அவ கையில இருக்கு. கூரைக்குள்ள இருக்கா. உசுரோட இருக்கா. செஃபா, அந்தப் பையனைக் கூப்பிடு. கூப்பிடுடா."

அசல் கோப்பைத் திறந்தேன். திறக்காமலே இருந்திருக்கலாம். ஐந்து பத்துக்கு முப்பத்திரண்டு புள்ளி ஒன்பது. ஐந்து முப்பதுக்கு முப்பத்துநாலு புள்ளி ஒன்று. இடையில் இருபத்துநாலு. ஐந்து ஐம்பது. ஆறு பத்து. ஆறு முப்பது. நாலு மணி நேரமாக, பத்து நிமிடம் பிடித்து, பத்து நிமிடம் விட்டு, ஒரு தடவைகூடத் தவறாமல் கை கொடுத்திருக்கிறாள். ஒன்று விட்டு ஒன்று கொஞ்சம் கூடுதல் சூடாக இருந்தது. அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஏழரை மணிக்கு எதிரே இருந்த எண்ணைப் பார்த்தேன். முப்பத்துமூன்று புள்ளி ஒன்று. நான் அடையாளம் இல்லை என்று சொன்ன அதே நிமிடம்.

டாமோ எடுக்கவில்லை. செஃபா பதினோரு தடவை கூப்பிட்டான். ஒன்பது முப்பதுக்கு ஒரு மேடு வந்தது, முப்பது புள்ளி இரண்டு. "இறங்குது," என்றாள் பிப். "டெஸ், கை சூடு இறங்குது. ஈரத்துல நாலு மணி நேரம்." நர்ஸ் அப்படிச் சொன்னால் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. ஒன்பது ஐம்பதுக்கு இருபத்தொன்பது புள்ளி நாலு. அதோடு மூன்று மேடு. காவல்காரன் கோட்டைத் துடைத்து மறுபடி நேராக்கினான். நான் அவனை அங்கேயே அழித்தேன். ஆள் போன பிறகு வாசலை அடைக்கிற கதை, தெரியும். ஆனாலும் அழித்தேன்.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு டாமோ எடுத்தான். அந்தக் குழந்தைகளைக் கரை சேர்த்துவிட்டு, அடுத்து மூன்று பேரை ஏற்றிக்கொண்டிருந்தானாம். செஃபா இந்தத் தடவை கெஞ்சவில்லை, ஆணையிட்டான்.

"உள்ள ஆள் இருக்கு. சத்தியமா இருக்கு. போய் அறுடா."

பத்து பதினைந்துக்குத் தகரம் அறுபடும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ கத்தினார்கள். பிறகு வெகு நேரம் மழை மட்டும்.

"ஒரு அம்மா," என்றான் டாமோ. மூச்சு வாங்கியது. "உசுரோட இருக்காங்க. பேசறாங்க."

செஃபா வாய்விட்டு அழுதான்.

"கூட ஒருத்தர் இருப்பாரே," என்றேன்.

"இருக்கார்."

"எப்படி இருக்கார்?"

 "அவரையும் ஏத்திக்கிட்டோம்," என்றான். "போர்வை போட்டு ஏத்திக்கிட்டோம்." பிப் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவளுக்கு முதலில் புரிந்துவிட்டது. எனக்கு அவள் அழுத பிறகுதான் புரிந்தது.

நாலாம் நாள் பிற்பகல் என் கைபேசி அடித்தது. தெரியாத எண். நான் நினைத்திருந்ததைவிடக் கனமான, கொஞ்சம் கரகரத்த குரல்.

"ஹெட்மாஸ்டரா? நோலீன் பேசறேன். அக்கா வீட்டுல இருக்கேன்."

 லின்டனுக்காக வருந்துகிறேன் என்று என்னமோ உளறினேன்.

"அவருக்கு இதய மாத்திரை உண்டு. ஃபிரிட்ஜ் மேல வச்சிருந்தது. எடுக்க நேரமில்ல. என் போன் தண்ணியில விழுந்துடுச்சு, அவரு போன் சார்ஜ் இல்லாம கெடந்துச்சு. பரண் மேல ஏறறதுக்கு முன்னாடி தூணுல இருந்த சென்சாரை மட்டும் பிடுங்கிக்கிட்டேன். அவரு சிரிக்கறாரு, வீடு போகுது, உனக்கு இதுதான் முக்கியமான்னு. நான் சொன்னேன், யோவ், டெஸ் பாத்துடுவான்யா. உலகத்துல யாரு பாக்கலைன்னாலும் தப்பான நம்பரை அந்த ஆளு பாக்காம விடமாட்டான். இந்நேரம் நம்மைத் திட்டிக் கடுதாசி எழுதிட்டிருப்பான்னேன். மாத்தி மாத்திப் பிடிச்சோம். ஒரு வாட்டி நான், ஒரு வாட்டி அவரு. அந்த நம்பிக்கையிலதான் இருந்தோம்."

ஒன்று விட்டு ஒன்று கூடுதல் சூடு. இரண்டு கைகள்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்," என்றாள். "ஏழரைக்கு ஒரு போட் வந்துச்சு. சத்தம் கேட்டுது. ரெண்டு பேரும் கையால தகரத்தை அடிச்சோம், கத்தினோம். நின்னுட்டுப் போயிடுச்சு. ஏன் போச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல இடமிருந்தது. மழைச் சத்தம், கேட்கவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான். ஆனால் இவள் நாலு மணி நேரம் என் பிடிவாதத்தை நம்பி உட்கார்ந்திருந்தவள்.

"நான்தான் போகச் சொன்னேன்," என்றேன். "அடையாளம் இருக்கான்னு அந்தப் பையன் கேட்டான். இல்லன்னேன். கைகுலுக்கறது பிடிக்காம நான் ஒரு நிரல் எழுதி வச்சிருந்தேன் நோலீன். மூணு தடவை பண்ணா அது கோட்டை மறைச்சுடும். ஆறு மணிக்கு முன்னாடியே உங்க கோட்டை அது மறைச்சிடுச்சு. ஒன்பது மணிக்கு மேலதான் நான் பாத்தேன்."

 போனை வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். வைத்திருந்தால் நியாயம். பிறகு யாரோ கோப்பையை மேசைமேல் வைக்கும் சத்தம் வந்தது.

"மறைச்சதெல்லாம் அழிஞ்சிடுச்சா?"

"இல்ல. என்கிட்ட இருக்கு."

"அவரு கை மட்டும் படி."

"நோலீன்..."

"படிய்யா."

கோப்பைத் திறந்தேன். "அஞ்சு முப்பது, முப்பத்துநாலு புள்ளி ஒண்ணு," என்றேன். "ஆறு பத்து, முப்பத்துநாலு. ஆறு அம்பது, முப்பத்துமூணு புள்ளி ஆறு. ஏழு முப்பது, முப்பத்துமூணு புள்ளி ஒண்ணு." நிறுத்தினேன். அவள் காத்திருந்தாள். "எட்டு பத்து, முப்பது புள்ளி ரெண்டு. எட்டு அம்பது..."

"சொல்லு."

"இருபத்தஞ்சு புள்ளி ரெண்டு."

"அது நான்," என்றாள். "அவரு பிடிக்கல. நான்தான் அவரு கையில வச்சு, விரலை மடக்கி மூடினேன். அவரு முறையாச்சே."

நான் அழுதேன். அவள் அழுதாளா என்று தெரியவில்லை.

"அது தப்பான நம்பர் இல்ல ஹெட்மாஸ்டர்," என்றாள் கடைசியில். "அழிச்சுடாத." அதோடு வைத்துவிட்டாள்.